பாரதிக்குப் போட்ட வாய்ப்பூட்டு

(கரியாலூரிலிருந்து ஒரு பழைய மாணவன்)

மகாகவி பாரதியாரைப் பற்றி நமது மலரில் கட்டுரை வருவது புதிதல்ல. அவருடைய தேசபக்தி, தமிழ்ப் பற்று, பெண் விடுதலை எல்லாவற்றையும் பற்றி முறையாகத் தமிழ் படித்த நண்பர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நான் இலக்கியம் படித்தவன் இல்லை. கல்வராயன் மலையில் கரியாலூரில் பிறந்து, நம் கல்லூரியில் பட்டம் வாங்கி, பிறகு சட்டம் படித்து, கள்ளக்குறிச்சியில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வக்கீலுக்கு எதைப் பார்த்தாலும் வழக்காகத்தான் தெரியும். ஆகவே பாரதியாரின் வாழ்க்கையையும் ஒரு வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்க்கிற மாதிரிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பாரதியார் வெள்ளைக்காரனிடம் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தானே ஜெயிலிலிருந்து வெளியே வந்தார் என்று இப்போது மாணவர்களில் சிலர் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் பெரியவர்கள் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அந்தக் கடிதம் பிறந்தது வேறெங்கும் இல்லை, நம்ம பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் தலைநகரான கடலூரில்தான். 1918-ல் நம் கள்ளக்குறிச்சியும் அந்த ஜில்லாவைச் சேர்ந்த தாலுகாதான். அதனால் இந்தக் கதையை நம்ம ஊர் மலரில் நம்ம ஆட்களுக்குச் சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

எட்டயபுரம் முதல் சென்னை வரை

சுப்பிரமணியன் என்ற சுப்பையா பிறந்தது 1882 டிசம்பர் 11, எட்டயபுரத்தில். தகப்பனார் சின்னசாமி ஐயர், தாயார் லட்சுமி அம்மாள். ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினொரு வயதில் பாரதி என்ற பட்டம். திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் கொஞ்ச காலம் படிப்பு. 1897-ல் செல்லம்மாளுடன் கல்யாணம். அடுத்த வருஷமே தகப்பனாரும் போய்விட்டார். அத்தை வீட்டில் தங்கிக் காசியில் படித்தார். திரும்பி வந்து எட்டயபுரம் ஜமீனில் வேலை பார்த்தார். 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார்.

அந்த வருஷக் கடைசியில் அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878-ல் இந்து பத்திரிகையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். 1882-ல் சுதேசமித்திரனை ஆரம்பித்தவர். விதவையான தன் மகளுக்கு ஊரார் வாய்க்கு அஞ்சாமல் மறுமணம் செய்துவைத்தவர். பாரதியாருக்குப் பத்திரிகைத் தொழிலைக் கற்றுக் கொடுத்த குரு என்றே அவரைச் சொல்லலாம். இவர் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

சுதேசமித்திரன் மிதவாதப் பத்திரிகை. பாரதியாரின் சூட்டுக்கு அது போதவில்லை. 1906-ல் மண்டயம் குடும்பத்தார் தொடங்கிய இந்தியா வாரப் பத்திரிகைக்கு எழுதப் போனார். அங்கே கேலிச் சித்திரம், பாட்டு, கட்டுரை என்று வெளுத்து வாங்கினார். ஆனால் சட்டப்படி ஆசிரியர் என்று பதிவானது சீனிவாசன் என்பவர் பெயர். எழுதுவது ஒருவர், பொறுப்பேற்பது இன்னொருவர். அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் இது சகஜம். இதன் விலை என்ன என்று 1908-ல் தெரிந்தது.

1908: மூன்று பேர், மூன்று பதில்கள்

அந்த வருஷம் தமிழ்நாட்டு அரசியலுக்கு ஒரு சோதனை வருஷம். ராஜத்துரோகம் என்று நாம் படிக்கிற 124-ஏ பிரிவு 1870-லேயே பீனல் கோடில் ஏறிவிட்டது. ஆனால் சென்னை மாகாணத்தில் அதை முழு வேகத்தோடு பிடித்துச் சுழற்றியது 1908-ல்தான்.

முதலில் வ.உ.சிதம்பரம் பிள்ளை. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்டவர், கோரல் மில் தொழிலாளர்களுக்காக நின்றவர். கலெக்டர் விஞ்ச் அவரிடம் நேரிலேயே பேரம் பேசினார் என்பது வரலாறு. திருநெல்வேலியை விட்டுப் போய்விடு, அரசியல் பேசாதே, உன்னை ஒன்றும் செய்யமாட்டோம் என்பதுதான் சாரம். வ.உ.சி. மறுத்தார். மார்ச் 12-ந் தேதி அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது வருஷம். சிவாவுக்குப் பத்து வருஷம். மேல் முறையீட்டில் வ.உ.சி.யின் தண்டனை குறைந்தது. ஆனாலும் கோவைச் சிறையில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. வாயை மூடு என்றதற்கு மாட்டேன் என்று சொன்னவர் கொடுத்த விலை அது. அந்த வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியாகக் கூண்டேறியவர்களில் பாரதியாரும் ஒருவர்.

இரண்டாவது, ஜி. சுப்பிரமணிய ஐயர். ஆகஸ்ட் மாதம் குற்றாலத்தில் வைத்துக் கைது செய்தார்கள். அப்போது அவர் வயதானவர், கொடிய தோல் நோயால் உடம்பெல்லாம் புண். சிறை என்றால் அவருக்குச் சாவு என்றே அர்த்தம். இனி இப்படி எழுதமாட்டேன் என்று உறுதி கொடுத்து வெளியே வந்தார். முப்பது வருஷம் ஆங்கிலத்திலும் தமிழிலும் சர்க்காரைக் கேள்வி கேட்ட பேனா அதோடு அடங்கிப்போனது. 1916-ல் காலமானார்.

மூன்றாவது, பாரதியார். இந்தியா பத்திரிகைமீது வழக்கு வந்தபோது பிடிபட்டவர் பதிவு ஆசிரியரான சீனிவாசன். எழுதியது நானில்லை என்ற வாதம் எடுபடவில்லை. ஐந்து வருஷச் சிறை. அடுத்த வாரண்டு பாரதியாருக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நண்பர்கள் வற்புறுத்தினார்கள். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஒரே சட்டம், ஒரே வருஷம். ஒருவர் மறுத்தார், ஒருவர் ஒத்துக்கொண்டார், ஒருவர் எல்லையைத் தாண்டினார். இவர்களில் யார் வீரர், யார் கோழை என்று மார்க் போடுவது சுலபம். நான் அந்த வேலையைச் செய்யப் போவதில்லை. நான் கவனிப்பது இதுதான்: மூன்று பேரிடமும் சர்க்கார் கேட்டது ஒன்றே. உடம்பு அவர்களுக்கு வேண்டியதில்லை, வாய்தான் வேண்டும்.

புதுவையில் பத்து வருஷம்

புதுச்சேரியிலிருந்து இந்தியா பத்திரிகை மறுபடி வந்தது. எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வரவிடாமல் ஆங்கில சர்க்கார் அதை நிறுத்தியது. வாசகன் இந்தப் பக்கம், பத்திரிகை அந்தப் பக்கம் என்றால் எத்தனை நாள் ஓடும்? 1910 மார்ச்சோடு நின்றது. அதே வருஷம் வந்த பத்திரிகைச் சட்டம் புது அச்சகத்துக்காரனிடம் 500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்கலாம் என்றது. அன்றைய 2,000 ரூபாய் என்றால் ஒரு குடும்பத்தின் சொத்து. எழுதுகிறவனைத் தொடாமலே அச்சடிக்கிறவன் கையைக் கட்டிவிடும் தந்திரம் அது.

1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனும் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். அதன் பிறகு புதுவையிலிருந்த தேசபக்தர்கள் எல்லோர் மேலும் சந்தேகம். அந்தச் சதி வழக்கில் இன்னொரு வகைப் பேரத்தையும் பார்க்கலாம். குற்றம் சாட்டப்பட்ட கூட்டத்திலிருந்தே சிலர் அப்ரூவராக மாறி, தங்களுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தார்கள். முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம் கிடைத்தது. ஒருவனுக்கு வாயை மூடினால் விடுதலை, இன்னொருவனுக்கு வாயைத் திறந்தால் விடுதலை. இரண்டும் ஒரே கடைச் சரக்குதான்.

அந்த வருஷமே பாரதியாரின் கனவு என்ற சுயசரிதைப் பாட்டையும், ஆறிலொரு பங்கு என்ற கதையையும் சென்னை சர்க்கார் பறிமுதல் செய்யச் சொல்லி உத்தரவிட்டது. ஆறிலொரு பங்கு ஜாதிக் கொடுமையைப் பற்றிய கதை. அதில் என்ன வெடிகுண்டு இருந்ததோ தெரியாது.

புதுவையிலும் நிம்மதி இல்லை. பிரெஞ்சுச் சர்க்கார் திடீரென்று ஒரு சட்டம் போட்டது. அந்நியர்கள் தங்க வேண்டுமானால் ஐந்து கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் கையெழுத்துப் போட்டு நற்சாட்சி தரவேண்டும். ஆங்கிலேயருக்கு அஞ்சி யார் போடுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். கலவை சங்கரன் செட்டியார் அலைந்து கையெழுத்துகளை வாங்கித் தந்தார். தெருமுனையில் உளவாளிகள். அனுப்பும் கடிதம் போய்ச் சேருமா என்று தெரியாது. வீட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். வருமானம் இன்றிருக்கும், நாளை இராது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பத்து வருஷத்தில்தான் தமிழுக்குக் கண்ணன் பாட்டும், குயில் பாட்டும், பாஞ்சாலி சபதமும் கிடைத்தன. அரவிந்தர், வ.வெ.சு. ஐயர் போன்றவர்களின் சகவாசமும் கிடைத்தது. புதுவையிலிருந்தபடியே கொலை அரசியலில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று இந்து பத்திரிகைக்கும் எழுதினார், கவர்னருக்கும் எழுதினார். அவர் கேட்டதெல்லாம் தொந்தரவில்லாமல் சொந்த நாட்டில் வாழ வேண்டும் என்பதுதான்.

கடலூரில் 24 நாள்

முதல் உலக யுத்தம் 1918 நவம்பர் 11-ல் முடிந்தது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 20-ந் தேதி, பாரதியார் புதுவை எல்லையைத் தாண்டி ஆங்கில இந்தியாவுக்குள் காலடி வைத்தார். உடனே பிடித்துக் கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள். குற்றம் என்ன? புதிதாக ஒரு வரி எழுதவில்லை, ஒரு கூட்டத்தில் பேசவில்லை. யுத்த காலத்து அவசரச் சட்டத்தைக் காட்டி, அனுமதியில்லாமல் உள்ளே வந்தார் என்று பிடித்தார்கள். யுத்தம் முடிந்துவிட்டது, யுத்தச் சட்டம் முடியவில்லை.

அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு நிறையவில்லை. பத்து வருஷ வறுமையில் உடம்பு தளர்ந்திருந்தது. சிறைக்குள் போன எட்டாம் நாள், நவம்பர் 28-ந் தேதி, சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபுவுக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினார். இதுதான் இன்று பிள்ளைகள் கேட்கிற கடிதம். அதன் சாரத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எல்லா வகை அரசியலையும் துறந்துவிட்டேன், இதை முன்பே போலீஸ் அதிகாரியிடமும் சொல்லியிருக்கிறேன், ஆங்கில அரசாங்கத்துக்கு விசுவாசமாகவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டும் நடப்பேன், என்னை விடுதலை செய்ய உத்தரவிடுங்கள் என்கிறார். முடிவில் கவர்னரை வாழ்த்துகிறார்.

வெளியே நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. சுதேசமித்திரன் ஆசிரியர் ஏ. ரங்கசாமி ஐயங்கார், சி.பி. ராமசாமி ஐயர், அன்னி பெசன்ட் அம்மையார் முதலியவர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். டிசம்பர் 14-ந் தேதி விடுதலை. மொத்தம் 24 நாள்.

விடுதலை என்று எழுதிவிட்டேன். அதோடு வந்த நிபந்தனைகளைப் பாருங்கள். ஒன்று, திருநெல்வேலி ஜில்லாவில் சர்க்கார் ஒத்துக்கொண்ட இடத்தில்தான் குடியிருக்க வேண்டும். இரண்டு, அரசியலில் கலந்துகொள்ளக் கூடாது. மூன்று, எதை எழுதி வெளியிடுவதானாலும் முன்கூட்டியே சி.ஐ.டி. டெபுடி இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும்.

ஒரு வக்கீலாக இந்த இடத்தில் நான் நின்று பார்க்கிறேன். குற்றப்பத்திரிகை இல்லை. சாட்சி விசாரணை இல்லை. குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் தண்டனை மட்டும் ஆயிற்று. அதுவும் எழுத்தாளனுக்குக் கொடுக்கக்கூடிய தண்டனைகளில் பெரிது. வழக்கை நடத்தியிருந்தால் சர்க்கார் எதையாவது நிரூபிக்க வேண்டியிருக்கும். பேரத்தில் நிரூபிக்கும் சுமை கிடையாது. உள்ளே இருப்பவனின் பசியும் பெண்டாட்டி பிள்ளை கவலையும் சர்க்கார் தரப்பு வக்கீலாக நின்று வேலை செய்யும்.

சம பலம் உள்ள இரண்டு பேர் எழுதிக்கொள்வதைத்தான் ஒப்பந்தம் என்பார்கள். ஒருவர் கையில் சாவியும் இன்னொருவர் கையில் பேனாவும் இருக்கும்போது எழுதப்படுகிற காகிதத்தை வைத்து, எழுதினவனின் மனசை அளக்க முடியாது. சாவி வைத்திருந்தவன் எதற்குப் பயந்தான் என்பதை வேண்டுமானால் அளக்கலாம். பத்திரிகை இல்லாத, காசில்லாத, உடம்பு தளர்ந்த ஒரு மனிதர் எழுதுவதை அச்சுக்கு முன்னால் போலீஸ் படித்தாக வேண்டும் என்று உலக யுத்தத்தில் ஜெயித்த சர்க்கார் நினைத்தது. கேள்வி கேட்கும் தம்பிகளுக்கு என் பதில் இதுதான்.

கடையத்தில்

செல்லம்மாளின் பிறந்த ஊர் கடையம். பாரதியார் அங்கே போய்த் தங்கினார். மலையடிவாரம், நல்ல தண்ணீர், நல்ல காற்று. எங்கள் மலையடிவாரக் கச்சிராயபாளையம் மாதிரியான ஊர் என்று நான் கற்பனை செய்துகொள்வேன். அக்கிரகாரத்துக்கு அவருடைய நடை உடை பிடிக்கவில்லை. 1919 மே மாதம் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி உதவி கேட்டார். பலன் இல்லை.

இந்தக் காலத்தின் தேதிகளை நாட்டுச் சரித்திரத்தோடு பொருத்திப் பாருங்கள். 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது. ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலா பாக் படுகொலை. நாடே கொதித்துப் பேசிய மாதங்கள். தமிழில் யார் பேசினால் நெஞ்சில் தைக்குமோ அவர் எழுதும் தாள் போலீஸ் மேசைக்குப் போய்த்தான் அச்சுக்குப் போக வேண்டும் என்ற நிலை. வாய்ப்பூட்டினால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். எழுதப்பட்டதைப் பறிமுதல் செய்தால் கணக்கு இருக்கும், இத்தனை பிரதி என்று. எழுதப்படாமல் போனதற்குக் கணக்கு எங்கே எடுப்பது?

1920-ல் கடையத்திலிருந்தே தன் நூல்களை எல்லாம் அச்சிட ஒரு பெரிய திட்டம் போட்டார். நாற்பது புத்தகங்கள், ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி, ஆக நாலு லட்சம் பிரதிகள். மண்ணெண்ணெய் போலவும் தீப்பெட்டி போலவும் தன் புத்தகங்கள் சகஜமாக விற்கும் என்று நம்பினார். நண்பர்களுக்கு அச்சிட்ட சுற்றறிக்கை அனுப்பிக் கடன் கேட்டார். பணம் சேரவில்லை. இன்று தமிழ்நாட்டில் பாரதி கவிதை இல்லாத புத்தகக் கடை உண்டா? அவர் கணக்கில் தப்பில்லை. தேதிதான் தள்ளிப் போயிற்று.

மறுபடி சென்னை

1919 கடைசியில் மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தையொட்டி அரசியல் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். 1920-ல் பாரதியார் மேலிருந்த கட்டுப்பாடுகளும் நீங்கின. அவர் செய்த முதல் காரியம் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் மறுபடி உதவி ஆசிரியராகச் சேர்ந்ததுதான். அரசியலைத் துறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர் பூட்டைக் கழற்றியதும் நேரே பத்திரிகை ஆபீசுக்குப் போனார். காந்தியடிகளின் ஒத்துழையாமையைப் பற்றியும், நாட்டு நடப்பு பற்றியும் எழுதினார். சந்திரிகையின் கதை என்று ஒரு நாவலும் தொடங்கினார்.

1921-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது. அதில் பிழைத்துக்கொண்டார். ஜூலைக் கடைசியில் ஈரோடு போய்க் கருங்கல்பாளையம் வாசகசாலையில் மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். திரும்பி வந்து வயிற்றுக் கடுப்பில் படுத்தவர், செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டிக் காலமானார். வயது முப்பத்தொன்பது நிறையவில்லை. மயானத்துக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். சந்திரிகையின் கதை பாதியில் நின்றது.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். கடலூர்ச் சிறையிலிருந்து வந்த பிறகு அவர் வாழ்ந்தது மூன்று வருஷம்கூட இல்லை. அதில் ஒரு வருஷத்துக்கு மேல் வாய்ப்பூட்டில் போயிற்று.

இறந்த பிறகும் தடை

கையெழுத்துப் போட்டால் சர்க்கார் விட்டுவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1928-ல், அவர் இறந்து ஏழு வருஷம் கழித்து, பர்மா சர்க்கார் அவருடைய தேசிய கீதங்களைத் தடை செய்தது. அதைப் பின்பற்றிச் சென்னை சர்க்காரும் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி முதலியவர்கள் எழுந்து கண்டித்துப் பேசினார்கள். தடை பெரிசாக நிற்கவில்லை. எந்தப் பாட்டைப் பிடுங்கினார்களோ அதையே ஊர்வலங்களில் ஜனங்கள் பாடினார்கள். 1949-ல் பாரதியாரின் எழுத்துகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசே வாங்கியது. பிறகு அவை பொதுச் சொத்தாயின. எழுதினதைக் காட்டிவிட்டு அச்சிடு என்று சொன்ன அதே கோட்டையிலிருந்து இது நடந்தது.

இன்று சட்டம் என்ன சொல்கிறது

சட்ட மாணவர்கள் நம் கல்லூரியிலிருந்து வருஷா வருஷம் போகிறார்கள். அவர்களுக்காக நாலு வார்த்தை. குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரம் அமெரிக்காவில் அன்றாட நடைமுறை. நம் நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலம் அதை ஏற்கவில்லை. 2005-ல் சட்டத் திருத்தம் வந்து, 2006 ஜூலை முதல் அமலானது. ஏழு வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கும் அது கிடையாது. 2024 ஜூலை 1 முதல் வந்துள்ள புதிய நடைமுறைச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. ஒருவர் தானாக விரும்பித்தான் மனுப் போட்டாரா என்று நீதிபதி அவரைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான பாதுகாப்பு. கடலூரில் பாரதியாரை அப்படி யாரும் கேட்கவில்லை.

124-ஏ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. புதிய சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் 152-ஆம் பிரிவு ஏறக்குறைய அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சட்டம் தெரிந்தவர்கள் பலர் கவலைப்படுகிறார்கள்.

ஜாமீனோடு வாய்ப்பூட்டுப் போடுவதைப் பற்றியும் நீதிமன்றம் பேசியிருக்கிறது. பத்திரிகையாளர் முகமது சுபைருக்கு 2022 ஜூலையில் ஜாமீன் தந்தபோது, அவர் ட்விட்டரில் எழுதக்கூடாது என்று நிபந்தனை போடச் சொல்லி உத்தரப் பிரதேச அரசுத் தரப்பு கேட்டது. உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரிசாவின் பெர்காம்பூர் முன்னாள் மேயர் ஒருவருக்கு, நேரடியாகவோ மறைமுகமாகவோ அரசியலில் ஈடுபடக்கூடாது என்ற நிபந்தனையோடு ஜாமீன் கொடுத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை அடிப்படை உரிமையைப் பறிக்கிறது என்று ரத்து செய்தது. 1918 டிசம்பர் 14-ன் இரண்டாவது நிபந்தனையை 105 வருஷம் கழித்து ரத்து செய்த மாதிரி எனக்குப் பட்டது.

வாய்ப்பூட்டு எல்லாமே தப்பு என்றும் சொல்லமாட்டேன். 2024-ல் நியூயார்க்கில் டொனால்டு டிரம்ப் மீதான வழக்கில், சாட்சிகளையும் ஜூரிகளையும் பற்றி வெளியே பேசக்கூடாது என்று நீதிபதி தடை போட்டார். பத்து முறை மீறியதற்கு முறைக்கு 1,000 டாலர் அபராதமும் விதித்தார். அங்கே பூட்டு எதற்கு? பலமுள்ளவர் பலமில்லாத சாட்சியை மிரட்டாமல் இருக்க. கடலூரில் பூட்டு எதற்கு? பலமுள்ள சர்க்காரைப் பலமில்லாத ஒருவர் கேள்வி கேட்காமல் இருக்க. பூட்டைப் பார்க்காதீர்கள், அது யாரைக் காப்பாற்றுகிறது என்று பாருங்கள்.

நம்ம மலைக்கும் இதற்கும் என்ன

கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது பல பேருக்குத் தெரியாது. சட்டம், கோர்ட்டு, ஓட்டு எல்லாம் எங்களுக்குத் தாமதமாக வந்த சரக்கு. சின்னக் கேஸ் ஒன்றுக்காக மலையிலிருந்து இறங்குகிற எங்கள் ஆளுக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், வாய்தா வாய்தாவாக இழுக்கும். ஒத்துக்க அண்ணே, அபராதத்தைக் கட்டினா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாததையும் செய்தேன் என்று கைநாட்டு வைத்துவிட்டு வெள்ளிமலை பஸ் பிடித்தவர்களை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். அடுத்த கேஸ் வரும்போது அந்தக் கைநாட்டு பழைய குற்றவாளி என்று முன்னால் வந்து நிற்கும். மரம் வெட்டக் கூலிக்குப் போய் ஆந்திராச் சிறைகளில் அடைபட்ட மலைக்காரர்கள் புரியாத மொழியில் எழுதிய காகிதத்தில் கைநாட்டு வைத்த கதையும் உண்டு.

மகாகவிக்குப் பேச சி.பி. ராமசாமி ஐயரும் அன்னி பெசன்ட்டும் இருந்தார்கள். அப்படியும் மூன்று நிபந்தனை. எங்கள் மலைக்காரருக்குப் பேச யார்? பழங்குடியினர், தாழ்த்தப்பட்டோர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும் என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. இது நம் கல்லூரியில் படிக்கும் மலைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் ஊரில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

தம்பிகளே, தங்கைகளே, பாரதியார் பாட்டை மேடையில் பாடிப் பரிசு வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே கடலூர்ச் சிறையின் அந்த 24 நாளையும் நினைவில் வையுங்கள். யாராவது ஒருவர் அழுத்தத்தில் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் காட்டி அவரைக் கேலி செய்தால், எழுத வைத்தது யார், அப்போது சாவி யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். உங்களிடமே யாராவது காகிதத்தை நீட்டினால் முழுக்கப் படியுங்கள், புரியாவிட்டால் புரிகிற மொழியில் கேளுங்கள், நகல் வாங்காமல் வராதீர்கள். சட்டம் படிக்கப் போகிறவர்கள் படித்து முடித்ததும் மலைப் பக்கம் திரும்பி வாருங்கள். இங்கே கட்சிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், வக்கீல்கள்தான் குறைவு.

சங்கம் வளர்க. மலர் மணக்க.